சாவி யாரிடம் இருக்கிறது?

கிராமப்புற இளையோர் மன்றங்களுக்கு இடமும் பணமும் அனுமதியும் தருகிற பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

சென்ற ஆண்டு முடிவில் உங்களிடமிருந்து வந்த படிவத்தை நிரப்ப உட்கார்ந்தேன். எத்தனை நிகழ்ச்சிகள், எத்தனை பேர் வந்தார்கள், ஆண் எத்தனை, பெண் எத்தனை, படங்கள் இணைக்கப்பட்டுள்ளனவா என்று பத்துப் பதினைந்து கட்டங்கள். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. நிரப்பி முடித்துப் பார்த்தால், அந்த ஆண்டு எங்கள் மன்றத்தில் நடந்தவற்றில் எனக்கு முக்கியமாகப் பட்ட ஒன்றுகூட அந்தத் தாளில் இல்லை. படிவத்தை அனுப்பிவிட்டேன். அதில் எழுத இடமில்லாமல் போனதை இங்கே எழுதுகிறேன். வாரா வாரம் பிள்ளைகளோடு உட்காருகிற என்னைப் போன்ற தன்னார்வலர்களும் படிக்க வேண்டும் என்பதால் திறந்த மடலாக எழுதுகிறேன். கீழே நான் குறை என்று சொல்லப்போகிறவற்றில் பாதியை நானே செய்திருக்கிறேன். அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

முதல் இரண்டு ஆண்டுகள் மன்ற அறையின் சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது. நான் போய்த் திறந்தால் மன்றம் உண்டு. எனக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்கு மன்றத்துக்கும் காய்ச்சல். 'அவர் இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது' என்று யாராவது சொன்னால் உள்ளுக்குள் குளிரும். ஒருமுறை வெளியூர் போய்விட்டு ஒரு வாரம் கழித்துத் திரும்பினேன். பதினான்கு வயதுப் பெண்ணொருத்தி கேட்டாள்: "நீங்க வராட்டி நாங்க மன்றம் இல்லையா சார்?" குறும்பாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் இல்லாத அன்று ஏழெட்டுப் பேர் வந்து, பூட்டிய கதவின் படியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுக் கலைந்திருக்கிறார்கள். என்ன பேசினார்கள் என்று விசாரித்தேன். அந்த ஆண்டின் நல்ல கூட்டம் அதுதான் என்று தெரிந்துகொண்டேன்.

அதன்பிறகு சாவி முறைபோட்டுச் சுற்ற ஆரம்பித்தது. வாரத்துக்கு ஒருவர். மூன்றாவது வாரமே தொலைந்தது. தொலைத்த பையனுக்குப் பதின்மூன்று வயது. இரண்டு நாள் யாரிடமும் மூச்சு விடவில்லை. பிறகு பூட்டை உடைத்து, அவனை நடுவில் வைத்துக் கூட்டம் போட்டார்கள். அவனே புதுப் பூட்டு வாங்கித் தர வேண்டும் என்று ஒரு பக்கம், அவன் வீட்டில் அதற்கு வழியில்லை என்று ஒரு பக்கம். நான் ஒரு தீர்ப்பை மனத்துக்குள் எழுதி வைத்துக்கொண்டு வாயை இறுகப் பொத்தி உட்கார்ந்திருந்தேன். நாற்பது நிமிடம் கத்திவிட்டு அவர்களே ஒரு முடிவுக்கு வந்தார்கள்: புதுச் சாவியை உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மரக்கட்டையில் கட்டிவிட வேண்டும், யாரும் அதைப் பையில் போட்டு மறக்க முடியாது. கட்டையை அறுத்து, துளை போட்டு, தேய்த்துக் கொண்டுவரும் வேலை தொலைத்தவனுக்கு. என் மனத்திலிருந்த தீர்ப்பைவிட அது எவ்வளவோ மேல். அந்தக் கட்டை இன்றும் இருக்கிறது.

கணக்கும் அப்படித்தான். மன்றத்தின் சில்லறைச் செலவுக் கணக்கை அவர்கள் கையில் கொடுத்த முதல் ஆண்டே இருப்புக்கும் நோட்டுக்கும் பொருந்தவில்லை. சிறிய தொகைதான். 'போகட்டும், நான் போட்டுவிடுகிறேன்' என்றேன். பொருளாளராக இருந்த பெண் ஒப்புக்கொள்ளவில்லை. மூன்று மாலை ரசீதுகளை விரித்துப் போட்டுத் தேடினார்கள். கடைசியில் ஒரே செலவு இருமுறை ஏறியிருந்தது தெரிந்தது. இரண்டாம் முறை ஏற்றியவன் நான். அதைப் பேரேட்டின் ஓரத்தில் சிவப்பு மையில் என் பெயரோடு குறித்து வைத்திருக்கிறார்கள்.

நான் உங்களிடம் கேட்க வந்தது இந்தச் சாவியைப் பற்றித்தான். பிள்ளைகள் கையில் உண்மையாகவே ஒரு முடிவு இருக்கிறதா என்பதைப் பார்த்துவிட்டு அப்புறம் தலைகளை எண்ணுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைத்து வருவதுதான்.

இது நான் கண்டுபிடித்த ஞானம் இல்லை. இத்தகைய மன்றங்களின் பிறப்பிலேயே இருக்கிறது. 1902 ஜனவரியில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், கிளார்க் கவுண்டி என்ற பகுதியில், ஏ. பி. கிரகாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் ஏறத்தாழ முப்பது பிள்ளைகளை நீதிமன்றக் கட்டடத்தின் அடித்தளத்தில் கூட்டினார். மண் புளிப்புத் தன்மை உள்ளதா என்று லிட்மஸ் தாளில் சோதிப்பது, பொறுக்கிய மக்காச்சோள விதையை வீட்டு நிலத்தில் ஊன்றிப் பார்ப்பது, விளைந்ததைக் குறித்து வைப்பது என்றுதான் தொடங்கினார்கள். பின்னாளில் 4-எச் என்று பெயர் பெற்ற இயக்கத்துக்கு இதுதான் தொடக்கம் என்று சொல்வார்கள். தலை, இதயம், கை, உடல்நலம் ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்கள் நான்கும் எச் எழுத்தில் தொடங்குவதால் அந்தப் பெயர். தென் மாநிலங்களில் சிறுவர்களுக்கான மக்காச்சோள மன்றங்கள் பெருகின. 1910இல் தென் கரோலினாவில் ஜெர்ரி மூர் என்ற சிறுவன் ஒரே ஏக்கரில் 228 புஷலுக்கு (அங்கே தானியம் அளக்கும் அளவு) மேல் விளைவித்து நாடு முழுக்கப் பேசப்பட்டான். அதே ஆண்டு அதே மாநிலத்தில் மரீ குரோமர் என்ற ஆசிரியை, பெண்பிள்ளைகளுக்குப் பத்தில் ஒரு பங்கு ஏக்கர் நிலத்தில் தக்காளி பயிரிடும் மன்றம் ஆரம்பித்தார். அவர்களே நட்டார்கள், டப்பாக்களில் அடைத்தார்கள், விற்றார்கள்.

இங்கே என்னைப் பிடித்து நிறுத்துவது விளைச்சல் இல்லை. ஓர் ஏக்கர், பத்தில் ஒரு பங்கு ஏக்கர் என்று எல்லை போட்டு, 'இது உன்னுடையது, இதன் கணக்கும் உன்னுடையது' என்று ஒரு பிள்ளையிடம் சொன்ன அந்த ஏற்பாடு. அது வரப்புக்குள் அடங்கிய சிறிய அதிகாரம்தான். ஆனால் அந்த வரப்புக்குள் வேறு யாரும் கால் வைக்கக் கூடாது.

அதே வரலாற்றில் இன்னொரு முகமும் இருக்கிறது. ஆய்வு நிலையங்கள் கண்டுபிடித்த புதிய முறைகளை வயதில் பெரிய விவசாயிகள் சட்டென்று ஏற்கவில்லை. பிள்ளைகள் ஏற்றுச் செய்து பார்த்தார்கள், அதைப் பார்த்து அப்பாக்கள் மாறினார்கள். பிள்ளைகளுக்குக் கொடுத்தால் வீட்டுக்குள் நுழையலாம் என்று அன்றைக்கே பலருக்குப் புரிந்துவிட்டது. 1914இல் ஸ்மித்-லீவர் சட்டம் வந்து வேளாண் விரிவாக்கப் பணி அரசின் ஏற்பாடாக மாறியபோது மன்றங்களும் அந்தக் குடையின் கீழ் வந்தன. நல்லது நடந்தது, மறுக்கவில்லை. ஆனால் பிள்ளைகளை வாகனமாக்கி நம் செய்தியை ஏற்றி அனுப்பும் ஆசை அன்றிலிருந்து நம்மை விடவில்லை. எந்தத் துறைக்கு எந்த விழிப்புணர்வு தேவையென்றாலும் முதலில் நினைவுக்கு வருவது இளையோர் மன்றம்தான். ஒரே நிறச் சட்டை, கையில் அட்டை, வாயில் முழக்கம், முன்னால் பேனர், நாலு படம். முடிந்தது.

ரோஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர் 1992இல் யுனிசெஃப் வெளியிட்ட கட்டுரையொன்றில் பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்தார். ஷெரி ஆர்ன்ஸ்டீன் 1969இல் குடிமக்களின் பங்கேற்புக்காக வரைந்த ஏணிதான் அதற்கு மூலம். ஹார்ட்டின் ஏணியில் கீழ் மூன்று படிகள் பங்கேற்பே அல்ல என்கிறார்: பிள்ளைகளை வைத்து ஆட்டுவிப்பது, அலங்காரமாக நிறுத்துவது, பெயருக்கு உட்கார வைப்பது. அலங்காரம் என்பதற்கு அவர் காட்டும் உதாரணமே, ஏதோ ஒரு நோக்கத்துக்காகச் சட்டை மாட்டிவிடப்பட்டு, அது எதற்கு என்று சரியாகத் தெரியாமல் ஆடிப்பாடும் பிள்ளைகள்தான். நாம் அனுப்பும் படங்களில் எத்தனை அந்த இரண்டாம் படியில் நிற்கின்றன என்று ஒருநாள் எண்ணிப் பாருங்கள். நான் எண்ணினேன். வெட்கமாக இருந்தது.

உச்சிப் படியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சாவி என்றதும் 'அப்படியென்றால் பெரியவர்கள் விலகிவிட வேண்டுமா' என்று கேட்பார்கள். பிள்ளைகளே தொடங்கிப் பிள்ளைகளே நடத்துவது ஹார்ட்டின் ஏணியில் ஏழாவது படி. எட்டாவது படியில் பிள்ளைகள் தொடங்குகிறார்கள், முடிவைப் பெரியவர்களோடு பகிர்கிறார்கள். பெரியவர்கள் அறையில்தான் இருக்கிறார்கள், ஆனால் தலைமை நாற்காலியில் இல்லை. இதைச் சொல்வது சுலபம். செய்து பாருங்கள், நாக்கைக் கடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எங்கள் மன்றத்தில் ஒரு பருவம் மரக்கன்று நடலாம் என்று நான் திட்டம் போட்டிருந்தேன். உங்கள் படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இருந்தது, அவ்வளவுதான் காரணம். பிள்ளைகள் மரம் வேண்டாம் என்றார்கள். பேருந்து நிற்கும் இடத்திலிருந்து குடியிருப்புவரை எத்தனை விளக்குக் கம்பங்களில் விளக்கு எரிகிறது என்று எண்ணப் போகிறோம் என்றார்கள். கூட்டம் முடிந்து இருட்டில் வீடு போகும் பெண்பிள்ளைகளின் யோசனை அது. நான் ஒருபோதும் அந்த வழியில் இருட்டில் தனியாக நடந்ததில்லை, எனக்கு எப்படித் தோன்றும்? இரண்டு வாரம் நடந்து எண்ணினார்கள். கம்பங்களுக்குத் தாங்களே எண் கொடுத்து, எரிவது, எரியாதது, விளக்கே இல்லாதது என்று வரைபடம் போட்டார்கள். மனு எழுதினார்கள். முதல் மனுவுக்குப் பதில் இல்லை. இரண்டாவது மனுவில் வரைபடத்தை இணைத்தார்கள். சில விளக்குகள் வந்தன, எல்லாம் வரவில்லை. மீதிக்கு இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லாததால் 'இதர நிகழ்ச்சிகள்: 1' என்று எழுதினேன்.

தங்கள் வாழ்க்கையைத் தொடும் விஷயங்களில் கருத்துச் சொல்லவும், அந்தக் கருத்துக்கு வயதுக்கும் பக்குவத்துக்கும் ஏற்ற மதிப்பைப் பெறவும் பிள்ளைகளுக்கு உரிமை உண்டு என்று 1989இன் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, 12ஆவது பிரிவில் சொல்கிறது. நம்முடைய மேடைகளில் இது அடிக்கடி மேற்கோளாகிறது. மேற்கோள் சொல்லி முடிந்ததும் அடுத்த ஆண்டுக்கான நிகழ்ச்சி அட்டவணை அச்சடித்து வந்துவிடுகிறது.

கிராமத்து மன்றத்துக்கென்று சில கஷ்டங்கள் உண்டு. நகரத்தில் உட்கார்ந்து திட்டம் போடுபவர்களுக்கு அவை தெரிவதில்லை. முதலாவது நேரம். அறுவடை நேரத்தில் வருகைப் பதிவேடு காலியாகும். அது ஆர்வக் குறைவு கிடையாது. வீட்டில் கை தேவைப்படுகிறது. கடைசிப் பேருந்து எப்போது போகிறது என்பதுதான் கூட்டம் எப்போது முடியும் என்பதைத் தீர்மானிக்கிறது. ராஜஸ்தானின் திலோனியாவில் வெறுங்கால் கல்லூரி என்ற நிறுவனம் நடத்திய பள்ளிகள் இரவில்தான் நடந்தன, காரணம் பகலில் பிள்ளைகள் ஆடு மாடு மேய்க்கப் போவார்கள். அந்த இரவுப் பள்ளிப் பிள்ளைகள் வாக்களித்துத் தங்களுக்கொரு பாராளுமன்றத்தையும் தேர்ந்தெடுத்தார்கள். பள்ளி ஒழுங்காக நடக்கிறதா, ஆசிரியர் வருகிறாரா என்று பார்ப்பது அந்த உறுப்பினர்களின் வேலை. பகலெல்லாம் ஆட்டின் பின்னால் நடந்த பிள்ளை இரவில் ஆசிரியரின் வருகையைச் சரிபார்க்கிறது. முதலில் பிள்ளைகளின் நாளைப் பார்த்தார்கள், பிறகு மணியடித்தார்கள். நாம் ஞாயிறு காலை பத்து மணி என்று முதலிலேயே அச்சடித்துவிடுகிறோம்.

இரண்டாவது, யார் வரவில்லை என்பது. மன்றம் கூடும் இடம் ஊரின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதே சிலரை உள்ளே விட்டுச் சிலரை வெளியே நிறுத்திவிடும். யாரும் 'வராதே' என்று சொல்ல வேண்டியதில்லை. இதிலும் வரலாறு நமக்கு எச்சரிக்கை வைத்திருக்கிறது: அமெரிக்கத் தென் மாநிலங்களில் 1960கள்வரை கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனி மன்றங்கள்தான். அதே நான்கு 'எச்' எழுத்துகளைச் சொல்லி, அதே உறுதிமொழியை எடுத்துக்கொண்டு, வேறு வேறு அறைகளில் உட்கார்ந்தார்கள். எங்கள் பதிவேட்டைப் பார்த்து, குடியிருப்பின் ஒரு கோடியிலிருந்து ஒருவர்கூட இல்லை என்று கண்டுபிடித்தது நானில்லை. விளக்குக் கம்பம் எண்ணப் போன பிள்ளைகள்தான் கண்டுபிடித்தார்கள்; அந்தக் கோடியில் கம்பமே இல்லை. அதன்பிறகு மாதத்தில் ஒரு கூட்டம் அங்கே வெட்டவெளியில் நடக்கிறது. அங்கே வர மறுத்த சில வீடுகளும் உண்டு. அதை இன்னும் நாங்கள் தாண்டவில்லை.

மூன்றாவது, ஊரில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். ஒரு பிள்ளை மனம் விட்டு எதையாவது சொன்னால் அது மாலைக்குள் அவர்கள் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்துவிடக்கூடும். தன்னார்வலர் யாருக்காவது மாமா, யாருக்காவது பங்காளி. எது அறைக்குள் தங்கும், எதை வெளியே சொல்லியே ஆக வேண்டும் என்பதை முதல் நாளே பிள்ளைகளிடம் விளக்க வேண்டியிருக்கிறது.

படித்து ஊரைவிட்டுப் போகிற பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. 'உங்கள் மன்றத்தில் இருந்தவர்கள் எத்தனை பேர் ஊரிலேயே தங்கினார்கள்' என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள். போவதும் இருப்பதும் அவர்கள் முடிவு.

இப்போது எங்களைப் பற்றி, அதாவது தன்னார்வலர்களைப் பற்றி. ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் என்ற இருவர் 2002இல் வெளியிட்ட ஆய்வொன்று உண்டு. அமெரிக்காவில் பெரியவர் ஒருவரோடு பிள்ளை ஒருவரை வழித்துணையாக இணைக்கும் திட்டத்தின் தரவுகளைப் பார்த்தார்கள். ஓராண்டு அல்லது அதற்கு மேல் நீடித்த உறவுகளில்தான் பிள்ளைகளுக்கு அதிகப் பலன். மூன்று மாதத்துக்குள் அறுந்துபோன உறவுகளில் பிள்ளைகளின் சுயமதிப்பு முன்பிருந்ததைவிடக் குறைந்திருந்தது. படித்ததும் எங்கள் மன்றத்துக்கு வந்துபோனவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஆறு வாரத் திட்டம், சான்றிதழ், பிரியாவிடைப் படம். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, சிலர் அழுதுகொண்டே போனார்கள். ஆனால் அடுத்த வாரம் 'அக்கா வரலையா' என்று கேட்ட ஒன்பது வயதுக்காரிக்குப் பதில் சொல்ல நான்தான் இருந்தேன். குறுகிய காலத்துக்கு வருகிறவர்கள் வரட்டும். கட்டடத்துக்கு வண்ணம் அடிக்கட்டும், கணினி பழுது பார்க்கட்டும், ஒரு பட்டறை நடத்தட்டும். பிள்ளைகளிடம் 'நான் உன் நண்பன்' என்று சொல்லும் வேலையை மட்டும் அவர்களுக்குக் கொடுக்காதீர்கள். எந்த நாளில் போகிறேன் என்று வந்த நாளிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது எங்கள் பிள்ளைகள் போட்ட விதி.

நீண்ட நாள் இருப்பவர்களுக்கும் நோய் உண்டு. என் நோய் உதவி செய்வது. ஒரு கண்காட்சிக்கு முந்தின இரவு, பிள்ளைகள் ஒட்டிய அட்டைகள் கோணலாக இருக்கின்றன என்று எல்லாவற்றையும் பிரித்து நானே நேராக ஒட்டினேன். ஒரு பையனின் பேச்சையும் திருத்தி எழுதினேன். மறுநாள் பரிசு கிடைத்தது. பேசியவன் அதை வாங்கி என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அதன்பிறகு ஆறு மாதம் அவன் எந்த மேடையிலும் ஏறவில்லை. இப்போது கண்காட்சிக்கு முந்தின நாள் மாலையில் அறைப்பக்கம் போவதில்லை என்று எனக்கு நானே தடை போட்டிருக்கிறேன்.

பரிசு என்றதும் இன்னொன்று. மார்க் லெப்பரும் இரு சக ஆய்வாளர்களும் 1973இல் வெளியிட்ட ஆய்வில், படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மழலைப் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம் 'வரைந்தால் சான்றிதழ் தருவோம்' என்றார்கள். தந்தார்கள். பிறகு சும்மா விட்டபோது, அந்தக் குழந்தைகள் மற்றவர்கள் வரைந்ததில் ஏறக்குறையப் பாதி நேரமே வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று பரிசு பெற்ற குழந்தைகளுக்கு அப்படி ஆகவில்லை. எங்கள் மன்றத்தில் பரிசே கிடையாது என்று சொல்லும் அளவுக்கு நான் தவசி இல்லை. அமெரிக்க 4-எச் கண்காட்சிகளில் டேனிஷ் முறை என்றொரு மதிப்பீடு உண்டு. ஒரு பிள்ளையின் வேலையைப் பக்கத்துப் பிள்ளையின் வேலையோடு ஒப்பிடுவதில்லை. முன்கூட்டியே சொன்ன தரத்தோடு ஒப்பிட்டு நீலம், சிவப்பு, வெள்ளை நாடாக்கள் தருவார்கள். பத்துப் பேரும் தரத்தை எட்டினால் பத்துப் பேருக்கும் நீலம். எங்களுக்கு இது ஒத்துவந்தது. நடுவர் பிள்ளையோடு உட்கார்ந்து, 'இதை எப்படிச் செய்தாய், எது சரிவரவில்லை' என்று பேசும் ஐந்து நிமிடம் நாடாவைவிட அதிகம் ஒத்துவந்தது. மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று நீங்கள் அனுப்பும் சுழற்கோப்பைகளைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் கடக்கிறேன். அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் சாவியை நான் கொடுக்கவில்லை. உங்களையும் தளர விடமாட்டேன். கிராமத்தில் ஒருவரின் பின்னணியை விசாரிக்க வேண்டும் என்றாலே 'நம்ம ஆளை எப்படிச் சந்தேகப்படுவது' என்று முகம் சுளிப்பார்கள். பிள்ளைகளுக்குத் தீங்கு செய்கிறவர் பெரும்பாலும் முன்பின் தெரியாதவராக இருப்பதில்லை. பிள்ளைக்கும் வீட்டுக்கும் நன்றாகத் தெரிந்தவராகவே இருக்கிறார். அதனால் விதி எல்லாருக்கும் ஒன்று, என்னிலிருந்து தொடங்கி. எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. எந்தப் பயணத்திலும் பெரியவர்கள் இருவராவது இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கான செய்திகள் அலைபேசியில் தனித்தனியாகப் போகக் கூடாது, எல்லாரும் பார்க்கும் குழுவில் போக வேண்டும். புகார் சொல்ல மன்றத்துக்கு வெளியே ஒருவர் இருக்க வேண்டும், அவர் எனக்கு வேண்டப்பட்டவராக இருக்கக் கூடாது. இதையெல்லாம் நான் வாசித்துக் காட்டியபோது ஒரு பெரியவர் எழுந்து போய்விட்டார். மனம் புண்பட்டிருக்கலாம். போகட்டும். படம் எடுக்கும் விஷயத்திலும் நீங்கள் யோசிக்க வேண்டும்: பிள்ளையின் முகம், பெயர், ஊர் மூன்றும் சேர்ந்து பொதுவெளியில் போகும் படங்களை நீங்களே அறிக்கைக்காகக் கேட்கிறீர்கள். நான் இனிமேல் கைகளின் படங்களையும் முதுகுகளின் படங்களையும்தான் அனுப்புவேன்.

அடுத்து பணம். நிகழ்ச்சிக்குப் பணம் தருகிறீர்கள். பந்தல், பேனர், சிற்றுண்டி, விருந்தினர் பொன்னாடை என்று தனித்தனித் தலைப்பு இருக்கிறது. தன்னார்வலரின் பேருந்துக் கட்டணத்துக்குத் தலைப்பு இல்லை. எனக்குச் சமாளிக்க முடிகிறது. கையில் காசில்லாத இருபது வயதுப் பெண் எப்படி இரண்டு ஆண்டு தன்னார்வலராக இருப்பாள்? வசதியுள்ளவர்கள் மட்டுமே சேவை செய்யக்கூடிய ஏற்பாட்டைக் கட்டிவிட்டு, 'கிராமத்து இளைஞர்களே முன்வருவதில்லை' என்று கூட்டத்தில் வருத்தப்படுகிறோம். விருந்தினர் பொன்னாடையை நிறுத்தினால் ஒரு மன்றத்தின் ஆண்டுப் பயணச் செலவு கிடைத்துவிடும் என்று எங்கள் பொருளாளர் கணக்குப் போட்டுக் காட்டினாள். அவளுக்குப் பதினாறு வயது. ஆண்டு நிதியில் ஒரு பகுதியை, எவ்வளவு சிறியதானாலும் சரி, எதற்கென்று தலைப்பிடாமல் பிள்ளைகள் தீர்மானிப்பதற்கு விடுங்கள். அது ஒருமுறை வீணாகவும் போகும். வீணானதை அவர்களே பேரேட்டில் எழுதட்டும். எங்கள் பேரேட்டில் சிவப்பு மைக்கு இன்னும் இடமிருக்கிறது.

இதெல்லாம் கனவு என்று நினைத்தால் இங்கிலாந்தைப் பாருங்கள். 1921இல் டெவனில் ஹெமியோக் என்ற கிராமத்தில் பால் தொழிற்சாலை ஒன்று பிள்ளைகளுக்குக் கன்று வளர்க்கும் மன்றம் ஏற்படுத்தியது. அங்கிருந்து கிளைத்த இளம் விவசாயிகள் மன்றங்கள் இன்றும் நடக்கின்றன. தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் அந்த இளைஞர்களே. நூறாண்டுக்கு மேலாக ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், சாவி அவர்களுக்குள்ளேயே கைமாறுகிறது. என் ஒருவனை நம்பி இருந்திருந்தால் எங்கள் மன்றம் என் அடுத்த காய்ச்சலில் போயிருக்கும்.

படிவத்தை ஒழிக்கச் சொல்லவில்லை. சில கட்டங்களை மாற்றுங்கள். இந்த ஆண்டு பிள்ளைகளே எடுத்த ஒரு முடிவு என்ன? அதற்குப் பெரியவர்கள் எதிர்ப்புச் சொன்னார்களா? எது தோற்றது? சென்ற ஆண்டு வந்து இந்த ஆண்டு வராதவர்கள் எத்தனை பேர், அவர்களிடம் யாராவது போய்க் கேட்டார்களா? தன்னார்வலர்கள் எத்தனை பேர் என்பதோடு எத்தனை நாளாக இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். கடைசியில் ஒரு பக்கத்தைக் காலியாக விட்டு, 'இது மன்ற உறுப்பினர்கள் எழுத வேண்டியது, பொறுப்பாளர் படிக்காமல் உறையிலிட்டு அனுப்புக' என்று போடுங்கள். அதில் என்னைப் பற்றி என்ன எழுதுவார்களோ என்று எனக்கும் கொஞ்சம் உதறல்தான். இருந்தாலும் போடுங்கள்.

நேரில் வந்து பார்க்கவும் அழைக்கிறேன். முன்கூட்டியே சொல்ல வேண்டாம், மேடை போட மாட்டோம். புதன்கிழமை மாலை வாருங்கள். எங்கள் பிள்ளைகள் வட்டமாகத் தரையில் உட்காருவார்கள், அதில் உங்களுக்கும் ஓர் இடம் உண்டு. கொஞ்சம் சீக்கிரம் வந்துவிட்டால் படியில் காத்திருக்க வேண்டியிருக்கும். இந்த வாரம் மரக்கட்டை இருப்பது பள்ளி முடிந்து, ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட்டுவிட்டு வருகிற ஒரு பதினைந்து வயதுக்காரியிடம். என்னிடம் மாற்றுச் சாவி கிடையாது. நானும் உங்களோடு படியில்தான் உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
ஒரு கிராமத்து இளையோர் மன்றத்தின் தன்னார்வலர்